மூன்று மொழியிலும் ஒரே அர்த்தம்

நவம்பர் 5, புதன்

காலையில் பனி. எதிர் வீட்டு மொட்டைமாடித் தொட்டிகூடத் தெரியவில்லை. பால் வாங்கக் கம்பளித் துண்டு போர்த்திக்கொண்டு போனேன்.

எழுதுவதற்கு முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. வீட்டு விஷயத்தைத் தாளில் எழுதும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. எனக்கு முன் யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. அதனால் ரேஷன் மனு, பட்டா மனு, பேங்க் சலான் எல்லாம் பாவாடை கட்டிய வயதிலிருந்தே என் கையெழுத்துதான். அதெல்லாம் தெருவுக்காக. இது எனக்காக. கூச்சமாக இருக்கிறது. வாயால் வரவில்லை, அதனால்தான். தப்பென்றால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம்: வருகிற சனிக்கிழமை நானும் இவரும் கவுன்சலிங் போகிறோம். புருஷன் பெண்டாட்டியை உட்கார வைத்துப் பேச வைக்கிற இடமாம். இனி இங்கே 'க.' என்று மட்டும் எழுதுவேன்.

மார்ச்சில் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்து குறைந்து, இப்போது "பால் இருக்கா", "சாவி எங்க". தீபாவளிக்குக் கல்லாவியில் அப்பா வீட்டுக்குப் போனவளுக்குத் திரும்பி வர மனமில்லை. அப்பா கண்டுபிடித்துவிட்டார். இந்த மாதக் கடைசி ஞாயிறு பெரியப்பாவோடு ஓசூர் வருகிறார். வள்ளியூரிலிருந்து மாமியாரும் வருகிறார். உட்கார்ந்து பேசி ஒரு முடிவு. அப்பாவின் முடிவு எனக்கு இப்போதே தெரியும். "ஒத்த வார்த்த பேசாத ஊட்டுல என்னாத்துக்கு இருக்கணும், இட்டுகினு வந்துடறன்."

அதற்குள் முயன்று பார்க்கிறேன் என்றேன். தலைசுற்றலுக்குக் காட்டப் போனபோது டாக்டரம்மாதான் இந்த க. முகவரி எழுதிக் கொடுத்தார். இவரிடம் சீட்டை நீட்டினேன். படித்தார். "கம்பெனில யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா? சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

காஸ் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

நான் வேலை பார்க்கும் பூப் பண்ணையில் முகூர்த்த ஆர்டர். குளிர் அறைக்கும் என் மேசைக்கும் நடந்து கால் வலி. பெட்டி பெட்டியாகச் சிவப்பு ரோஜா. நான் லேபிள் ஒட்டுவதும் பில் அடிப்பதும் மட்டும். முள் எடுக்கும் பெண்கள் பேச்சு: "எம் புருசன் பேசறத நிறுத்துனா நான் கோயிலுக்குப் பொங்க வெப்பன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் இவர் அதிசயமாக எதிரில் உட்கார்ந்தார். நாளைக்கு எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித் தருகிறார். இவருக்கு சிப்காட்டில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும்போது இவர்தான் லைனில் நிற்பவர்களுக்குப் பாடம் எடுப்பார். அதே பாடம் எனக்கு:

- கேட்டதுக்கு மட்டும் பதில்.
- கேக்காததை நாமளா எடுத்துக் குடுக்கக் கூடாது.
- தெரியலன்னா "பாத்துச் சொல்லுதேன்."
- எதுத்துப் பேசக் கூடாது, தலையை ஆட்டணும்.
- ரெண்டு பேர் பதிலும் ஒண்ணா இருக்கணும்.

"ஒரு வார்த்த கூட விட்டுட்டா அதப் புடிச்சு அதுக்குள்ள போயிடுவாவ. அப்புறம் என்.சி.தான்" என்றார். என்.சி. என்றால் குறை என்று எழுதிவிட்டுப் போவது.

தலையாட்டினேன். பல மாதத்தில் இவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

நவம்பர் 8, சனி

பாகலூர் ரோடு. மருந்துக் கடைக்கு மேல் மாடி. கிளம்பும்போதே கீழ் வீட்டு ஓனர் ஆன்ட்டி "ஊட்ட ஆய்தா" என்று கன்னடத்தில் சாப்பாடு ஆச்சா கேட்டுவிட்டு, "எங்க ஜோடியா?" என்றார். பல் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். யாருக்குப் பல் என்று கேட்டார். நான் எனக்கு என்றேன், அதே நேரத்தில் இவர் தனக்கு என்றார். ஆடிட் பாடம் வாசலிலேயே தோற்றது.

நான் நினைத்திருந்த இடம் வேறு. பெரிய மேசை, மணி, வாசலில் கூட்டம், பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பது. கலெக்டர் ஆபீஸ் மனு நாள் மாதிரி. அப்படி ஒன்றும் இல்லை. மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி, தண்ணீர்க் கூஜா. மேசையே இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மேடம் பேர் பிரமீளா. அம்மா வயது இருக்காது, சித்தி வயது. வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், எங்களோடு தமிழ். கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் "ஹௌதா" என்கிறார். அப்படியா என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லில் அவசரமே இல்லை.

முதலில் ஒரு படிவம். 'வந்ததன் காரணம்' என்ற இடத்தில் என் பேனா நின்றது. ஊருக்கே மனு எழுதியவளுக்கு இது வரவில்லை. இவர் காதருகில், "பொதுவான ஆலோசனைன்னு போடு." போட்டேன்.

மேடம் சொன்னதில் நினைவிருப்பவை: அவர் ஜட்ஜ் இல்லை. யார் பக்கமும் சாய மாட்டார். சேர்த்து வைப்பதும் பிரித்து விடுவதும் அவர் வேலை இல்லை, நாங்கள் ஒருவரையொருவர் கேட்கும்படி செய்வது மட்டும்தான். இங்கே பேசியது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டி வரும். ஒரு தடவை தனித்தனியாகவும் பேசுவார். முதலில் இன்னும் மோசமானது போல இருக்கலாம், அதற்காக நின்றுவிட வேண்டாம். யார் வேண்டுமானாலும் போதும் என்று சொல்லலாம்.

இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். குறிப்பெடுக்கப் பாக்கெட் டைரி வேறு கொண்டுவந்திருந்தார்.

பிறகு கேள்வி. சண்டை உண்டா? இல்லை மேடம். குடிப்பழக்கம்? இல்லை மேடம். வீட்டில் வேறு யாராவது தலையிடுகிறார்களா? இல்லை மேடம். நானும் அதே. எங்கள் பதில் எல்லாம் ஒன்றுபோல் இருந்தது. மேடம் தாளில் படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நடுவில் கோடு. மேலே அவர்கள் வீடு, எங்கள் வீடு. கோட்டுக்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டு, "குழந்தைங்க?"

இவர், "இல்லை மேடம்."

நான் தலையாட்டினேன்.

பேனா அங்கேயே நின்றது. மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார்.

இறங்கும்போது இவர், "நல்லாத்தான் போச்சு" என்றார். நிஜமாகவே நிம்மதி அவர் முகத்தில். நான் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

தூறல். துணி காயவில்லை. ஓனர் ஆன்ட்டி நல்ல பல் டாக்டர் ஒருவர் பேரைச் சொல்லியிருக்கிறார், ராயக்கோட்டை ரோட்டில்.

எப்படி இருக்கும் என்று தெரியாமல் க.வுக்குப் போனேன். இப்போது தெரிகிறது, நாமே ஒன்றும் கொடுக்காவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது. மேடம் கையில் மந்திரக்கோல் இல்லை. கடைசி ஞாயிறு மட்டும் கிட்டே வருகிறது.

இவர் நல்லவர். இதை எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடக் கூடாது. கல்யாணமான புதிதில் "என்னட்டி" என்று கூப்பிடுவார். எங்கள் பக்கம் டி போட்டால் அடிதடி. அப்பா ஒரு தடவை கேட்டுவிட்டு முகம் கறுத்தார். வள்ளியூர்ப் பக்கம் அது செல்லம் என்று இவர் விளக்கி, அப்பா சிரித்து, பிறகு அப்பாவே அம்மாவை ஒரு நாள் "என்னட்டி" என்று கூப்பிட்டு அம்மா கரண்டியை எடுத்ததெல்லாம் நடந்தது. இப்போது இவர் என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. தொண்டையைச் செருமுவார். நான் திரும்ப வேண்டும்.

நவம்பர் 15, சனி

இரண்டாவது க. எழுத்து கோணல்.

தனித்தனியாக. முதலில் இவர், நான் வெளியே பெஞ்சில். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்துக்குப் பேரம். இவர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். பிறகு நான்.

மேடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "டாக்டரம்மா சீட்டுல ஒரு வரி எழுதியிருந்தாங்க. நீங்க சொல்ற வரைக்கும் நானா கேக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். நான் மார்ச்சைச் சொன்னேன். அழவில்லை. கணக்கு ஒப்புவிப்பது மாதிரி சொன்னேன். எப்போதிலிருந்து பேச்சு நின்றது என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் என்றேன். அன்று என்ன நடந்தது என்றார். இவர் ஒரு வார்த்தை சொன்னார் என்றேன். அதை அவர் முன்னால் சொல்ல முடியுமா என்றார். முடியாது என்றேன். "முடியாதுன்னு சொல்றதையாவது அவர் முன்னால சொல்லலாமே."

இவரைக் கூப்பிட்டார்.

 மின்விசிறி சத்தம். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நான் ஒண்ணு கேட்டேன் மேடம். அதுக்கு இவரு 'சவத்த விடு'ன்னு சொன்னாரு."

மேடத்தின் முகம் மாறியது. ஜட்ஜ் இல்லை என்றவர்தான், ஆனாலும் மாறியது. தமிழிலும் சவம் என்றால் பிணம்தானே என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "கன்னடத்துலயும் ஷவ, தெலுங்குலயும் ஷவம். எனக்கு மூணு மொழியிலயும் ஒரே அர்த்தம்தான்."

இவர் பதறிவிட்டார். அது அப்படி இல்லை, எங்கள் ஊர்ப் பேச்சு என்றார். பைக் ஸ்டார்ட் ஆகாவிட்டால் சவம், மழை பெய்தால் சவம், சவத்தை விடு என்றால் போகட்டும் விடு என்று அர்த்தம், எங்க அம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவா, வேண்டுமானால் போன் போட்டுக் கேளுங்கள். பாக்கெட் டைரியைக் கூட எடுத்துவிட்டார், எதையோ காட்டப் போகிறவர் மாதிரி.

மேடம் மூச்சு விட்டார். அப்படியானால் இது வட்டார வழக்கு, நான் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேனா என்பதுபோல் என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். எல்லோருக்கும் சௌகரியம். பல் டாக்டரிடமிருந்து ஜோடியாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"தெரியும் மேடம்" என்றேன். "இவரு வண்டிய சவம்னு சொல்லும்போது நான்தான் முதல்ல சிரிப்பன். எனக்கு அந்தப் பேச்சு தெரியும். தெரிஞ்சும் அன்னிக்கு அது எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

"ஹௌதா" என்றார் மேடம், மெதுவாக. பிறகு, "நீங்க என்ன கேட்டீங்க சுகுணா, அதுக்கு இவர் அப்படிச் சொன்னது?"

ஞாபகம் இல்லை என்றேன்.

ஞாபகம் இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

இவர் காலையிலேயே வண்டியைத் துடைக்க இறங்கிவிட்டார். அது ஸ்டார்ட் ஆகவில்லை. உதைத்தார், உதைத்தார். வாயை இறுக மூடிக்கொண்டு உதைத்தார். நான் மேலிருந்து பார்த்தேன். அந்தச் சொல் வாய்வரை வந்து திரும்பிப் போனது மேலே நின்ற எனக்கே தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டும். பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

மாமியார் போன். ஸ்பீக்கரில். "எல, சாப்ட்டியால? அவ எங்க? முப்பதாந்தேதி காலைல வந்து சேருத மாதிரி நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் போட்டாச்சு. என்னல மக்கா நடக்கு உங்களுக்குள்ள?" ஒன்றுமில்லை என்றார். வைத்த பிறகு என்னிடம், போனையே பார்த்துக்கொண்டு: "இனிமே நான் அங்க வரல. என்னைக் கொலகாரன் மாதிரி பாக்கு அந்தம்மா."

அப்பாவும் இதைத்தான் சொல்வார். மூன்றாம் ஆளிடம் போனால் இப்படித்தான் என்பார்.

இதுதான் முதலில் மோசமாவது போலும். மேடம் சொன்னது எவ்வளவு மோசம் என்று கேட்டு வைத்திருக்கலாம்.

கத்தரிக்காய் தீய்ந்துவிட்டது.

நவம்பர் 19, புதன்

அப்பா போன் செய்தார். சோளம் அறுப்பு முடிந்ததாம். ஒரு மாடு கன்று போட்டிருக்கிறதாம்.  போனில் பேச்சு நீண்டால் காசு போகிறதே என்று அம்மா பின்னால் கத்துவாள், இன்று கத்தவில்லை.

"ஏம் பாப்பா, அந்தாளு கைய கிய்ய நீட்டறானா?"

இல்லைப்பா.

"அப்பறம் இன்னாதான்? எதுனா ஒண்ண சொன்னாத்தான நான் வந்து பேச முடியும். படிச்ச பொண்ணு நீ. எனக்குப் பேசத் தெரியாமத்தான் ஒன்னிய படிக்க வெச்சன்."

அப்பா கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் குத்தியது. என்னிடம் கேட்காமலே பெரியப்பாவின் வண்டியைச் சொல்லி வைத்துவிட்டாராம். கல்யாணத்துக்குக் கொடுத்த பீரோவை ஏற்ற முடியுமா என்று பார்த்தாராம். பீரோ வரை போய்விட்டார்.

நவம்பர் 22, சனி

தனியாகத்தான் போனேன். இவர் காலை ஷிப்ட். வருகிறாரா என்று நான் கேட்கவில்லை, வரவில்லை என்று அவரும் திரும்பச் சொல்லவில்லை.

ஒருவர் மட்டும் வந்தால் பாதி வேலைதான் நடக்கும் என்றார் மேடம். ஆனால் பாதி என்பது சும்மா இல்லை என்றும் சொன்னார். முப்பதாம் தேதியைப் பற்றி முதல் முறையாகச் சொன்னேன். பெரியவர்கள் பேசுவது தப்பில்லை, ஆனால் அவர்கள் எங்களுக்குப் பதிலாகப் பேசினால் நாங்கள் இருவரும் பேசவே வேண்டியிருக்காது, அதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது படியில் கனத்த ஷூ சத்தம்.

இவர். யூனிபார்மில், கழுத்தில் அடையாள அட்டை. கம்பெனியில் யாருக்கும் தெரியக் கூடாது என்றவர், கம்பெனிச் சட்டையோடு பாகலூர் ரோட்டில் ஏறி வந்திருக்கிறார். வாசலில் அந்த இரும்பு முனை ஷூவைக் கழற்ற நேரம் ஆனது. சாக்ஸில் ஓட்டை. உட்காரவில்லை.

"மேடம், போன வாரம் நான் சொன்னது பொய்" என்றார்.

மேடம் நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை.

"ஊர்ப் பேச்சுன்னு சொன்னேம்லா, அது இல்ல. அன்னைக்கு நான் அந்த வார்த்தையத்தான் சொன்னேன். இவ மயக்கத்துல கெடந்தா. நர்சம்மா துணியில சுத்தி என் கையிலதான் குடுத்தாவ. லேசா இருந்துச்சு மேடம். துணி மட்டும் இருக்கோன்னு பிரிச்சுப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. எல்லாரும் இவளப் பாக்க வந்தாவ, இவளுக்கு ஆர்லிக்ஸ் கொண்டாந்தாவ. எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. மூணாம் நாளு இவ கேட்டா. எனக்கு வேற பேரு வரல. அத கையில வாங்கி மண்ணுல வச்சவன் நான். எனக்கு அது சவந்தான்."

பிறகு உட்கார்ந்தார். கையிரண்டும் மடியில், மேலே பார்த்தபடி விரிந்து கிடந்தன.

எனக்குத் தெரியாது. இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. அவர் கையில் கொடுத்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியே எடுத்துக்கொண்டிருக்கும் என்று பெரியம்மா சொல்லியிருந்தாள். எட்டு மாதமாக இவரைப் பார்க்கும்போதெல்லாம் கல் மனசு என்று நினைத்தேன். கல் என்றால் எதையும் தூக்காமல் இருக்க வேண்டும் அல்லவா.

மேடம் என்னிடம், "அவர் சொன்னதுல உங்க காதுல என்ன விழுந்துச்சு, அதைத் திருப்பிச் சொல்லுங்க. பதில் வேண்டாம். திருப்பிச் சொன்னா போதும்."

"லேசா இருந்துச்சுன்னு சொன்னாரு" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அவர் தலையாட்டினார். இந்தத் தடவை ஆடிட் தலையாட்டல் இல்லை.

மேடம் பழைய படத்தை எடுத்தார். சதுரம், வட்டம், நடுக்கோடு. எங்களைக் கேட்டுவிட்டுக் கோட்டுக்குக் கீழே சிறிதாக ஒரு முக்கோணம் போட்டார். பிறக்காமல் போனதற்கு அதுதான் குறியாம். உலகம் முழுக்க இப்படித்தான் போடுவார்களாம். அப்படியானால் இதற்கென்று ஒரு குறி வைக்கும் அளவுக்கு எல்லா ஊரிலும் நடக்கிறது.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சிக்னலில் லாரிப் புகை.  இவர் கைக்குட்டையை எடுத்துப் பின்னால் நீட்டினார்.

நவம்பர் 25, செவ்வாய்

குளிர். பண்ணையில் குழாய்த் தண்ணீர் கையைக் கடித்தது.

மேடம் கொடுத்த வீட்டுப்பாடம்: தினம் கொஞ்ச நேரம். ஒருவர் பேச வேண்டும். மற்றவர் நடுவில் புகாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, பிறகுதான் தன்னுடையதைச் சொல்ல வேண்டும்.

நேற்று நான் சொன்னது: பெட்டி மாறி அனுப்பிவிட்டார்கள், சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார், தப்பு என்னுடையதில்லை, ஆனால் வாய் வரவில்லை. இவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தார்: "பெட்டி மாறிட்டு. சூப்பர்வைசர் கேட்டாரு. தப்பு ஒன்னது இல்ல. வாய் வரல. சரியா?" டிராயிங் பார்த்து அளவு சொல்வது மாதிரி. சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு முதலில் கோபம், பிறகு அவரும்.

இன்று அவர் முறை.  "ஆஸ்பத்திரில ஆயா வேலை பாக்கிற அம்மா ஒண்ணு, எனக்கு டீ வாங்கிக் குடுத்துச்சு. அன்னைக்கு. பேரு கேக்கல" என்றார். நான் திருப்பிச் சொன்னேன். என் முறை வந்தபோது கேட்டிருக்கலாம். அன்று மூன்றாம் நாள் கேட்டதையே கேட்டிருக்கலாம். வாய் திறந்தேன். "நாளைக்குத் தக்காளி வாங்கணும்" என்றேன்.

பயம் இதுதான்: மறுபடியும் அதே பதில் வந்துவிட்டால்?

நவம்பர் 29, சனி

நான்காவது. நாளை எல்லோரும் வருகிறார்கள் என்று இருவருமே நாற்காலி நுனியில்.

போகலாமா இருக்கலாமா என்று மேடத்தையே கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டார் என்று தெரியும். சொல்லவில்லை. பதிலுக்கு ஒன்று செய்யச் சொன்னார். ஒருவர் மற்றவரிடம் ஒரே ஒரு கோரிக்கை. குறை சொல்லக் கூடாது, செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். மற்றவர் சரி என்னலாம், முடியாது என்னலாம், நேரம் வேண்டும் என்னலாம்.

இவர் யோசிக்கவே இல்லை. "சோத்த வச்சிட்டு உள்ள போயிடுதா. நான் திங்க வரைக்கும் பக்கத்துல உக்காரணும்." மேடத்தைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார் மேடம். என்னைப் பார்த்து, "உக்காருதியாட்டி?"

டி வந்துவிட்டது. இருவரும் கவனித்தோம். சரி என்றேன்.

என் முறை.  அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

மேடம் உடனே விடவில்லை. "அடுத்த வாரம் நீங்க ஓசூர்ல இருப்பீங்களா சுகுணா?"

 இவர் அடையாள அட்டைக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரசம் ஊற்றினேன். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். போன மாதம் முழுக்க ஒரு தடவைதான் போட்டுக்கொள்வார், நான் சமையல் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில். பல நாள் கழித்து.

படுக்கை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு சாத்தியிருக்கிறது. துணிமணி எடுத்து வைக்க அனுப்பியிருக்கிறார்கள். பை திறந்தபடி கட்டில் மேல். ஒரு புடவைகூட வைக்கவில்லை.

மாமியார் காலை வண்டிக்கே வந்துவிட்டார். கருப்பட்டி, முறுக்கு, எனக்கென்று ஒரு ஜாக்கெட் துணி. அப்பாவும் பெரியப்பாவும் அரை மணி முன்பு. ஓனர் ஆன்ட்டி படியிலேயே நிற்கிறார், பல் வலிக்கு இத்தனை பேரா என்று யோசிக்கிறார் போல.

இங்கிருந்து கேட்கிறது. பெரியப்பா: "பேச்சு வார்த்தயே இல்லாத குடும்பம், உப்பு இல்லாத களி. அத எத்தினி நாளு தின்றது." மாமியார்: "ஏன் அண்ணாச்சி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து கூட இருந்திருப்பேம்லா. ரெண்டு சவமும் வாயத் தொறக்கலியே." இரண்டு சவம். எங்களைத்தான். உள்ளே உட்கார்ந்து எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும்.

அப்பா இவரைக் கேட்கிறார், என் பொண்ணு மேல என்ன குறை என்று. இல்லை மாமா. வெச்சிப் பொழைக்க இஷ்டமா. இஷ்டம் மாமா. அப்பறம் ஏன் பேசல. பதில் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறது, எனக்குத் தெரியும், நான் கேட்டிருக்கிறேன். மார்ச்சை எல்லோர் முன்னாலும் இழுக்காமல் என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு கேள்வியில் அப்பா அதை வேறு மாதிரி முடிவு கட்டிவிடுவார். பெரியப்பா பீரோவைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்கிறது.

"பாப்பா, ஆச்சா?" என்று அப்பா கூப்பிடுகிறார்.

வெளியே போகப் போகிறேன். எல்லோர் முன்னாலும், அப்பாவைப் பார்க்காமல், இவரைப் பார்த்து என் கோரிக்கையைச் சொல்ல வேண்டும். சரி என்னலாம், முடியாது என்னலாம், நேரம் வேண்டும் என்னலாம். வாய் வர வேண்டும். அதற்காக, மூன்றாம் நாள் 'எங்க' என்று மட்டும் கேட்டதை முழுதாக ஒரு தடவை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஏங்க. நம்ம புள்ளைய எங்க புதைச்சீங்க? என்னை அங்க கூட்டிட்டுப் போங்க.